நூற்றுக்கு எத்தனை? ரசாயன மாற்றத்தில் மகசூல் கணக்கு



நான் ரசாயனம் பயின்றவன் அல்லன். கல்லூரியில் கலைப் பிரிவில் பட்டம் பெற்று, மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிந்து வருபவன். ஆங்கிலத்தில் வரும் அறிக்கைகளையும் கையேடுகளையும் தமிழாக்குவது என் தொழில். அத்தகைய ஒருவன் ரசாயனக் கணக்கைப் பற்றிப் பேச முன்வருவானேன் என்று நீங்கள் கேட்கக்கூடும். நான் செய்த ஒரு பிழையே அதற்குக் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்க்கான ரசாயனச் செய்முறைக் கையேடு ஒன்று மொழிபெயர்ப்புக்காக என் மேசைக்கு வந்தது. அதன் ஒரு பக்கத்தில், ஆஸ்பிரின் தயாரித்த மாணவர் நால்வரின் முடிவுகள் அட்டவணையாகத் தரப்பட்டிருந்தன. கடைசிப் பத்தி மகசூல் சதவீதம். மூவருக்கு எழுபதுகளிலும் எண்பதிலுமாக எண்கள் இருந்தன. நான்காம் மாணவனுக்கு மட்டும் 106 என்று இருந்தது. நூற்றுக்கு நூற்றாறு எங்ஙனம் கிடைக்கும்? இது தட்டச்சுப் பிழை என்று நான் முடிவு செய்தேன். 106 என்பதை 96 என்று திருத்தி எழுதினேன். மூலத்தில் இருந்த குற்றத்தைக் களைந்துவிட்டோம் என்ற மனநிறைவும் கொண்டேன்.

மொழிபெயர்ப்பு, நூலாசிரியரான பேராசிரியரின் பார்வைக்குச் சென்றது. அவருக்குத் தமிழ் தெரியும். என் 96-ஐச் சுற்றி ஒரு வட்டமிட்டு, ஓரத்தில் இவ்வாறு எழுதித் திருப்பியிருந்தார்: '106 என்பதே சரி. இந்த எண்ணுக்காகவே இப்பக்கத்தை எழுதினேன்.' எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுநாளே அவரைச் சென்று கண்டேன். அன்று பிற்பகல் முழுவதும் அவர் பொறுமையுடன் விளக்கியவற்றையே என் மொழியில் இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் இக்கணக்குக்கு வழங்கும் சொல், வயலில் கண்ட நெல்லுக்கும் பசு கறந்த பாலுக்கும் வழங்கும் அதே சொல்லாகும். அதனை 'விளைவு' என்று தமிழாக்கலாம். ஆயின், விளைவு என்றவுடன் பயன், பின்னால் நேர்வது என்னும் பொருள்களே முந்திக்கொண்டு வரும். எனவே உழவர் நாவில் நெடுங்காலம் பழகிய 'மகசூல்' என்பதையே கையாள்கிறேன். உழவரிடமிருந்து இன்னும் இரண்டு சொற்களைக் கடன் வாங்கலாம். 'இந்த வயலில் இத்தனை மூட்டை காண வேண்டும். கண்டதோ இத்தனை' என்று அவர்கள் பேசுவதுண்டு. ரசாயனத்திலும் காண வேண்டிய மகசூல் ஒன்று உண்டு. கண்ட மகசூல் ஒன்று உண்டு. கண்டதைக் காண வேண்டியதால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வருவதே மகசூல் சதவீதம். சூத்திரம் இவ்வளவுதான்.

ஆனால், உழவர் கூறும் 'காண வேண்டியது' அனுபவத்தால் வந்த மதிப்பீடு. மழையும் எருவும் நன்கு அமைந்தால் அதனைத் தாண்டியும் விளையும். ரசாயனத்தில் காண வேண்டியது அத்தகையதன்று. அஃது அணுக்களின் எடையிலிருந்து கணக்கிடப்படுவது. எவ்வளவு திறமையிருப்பினும் அந்த எல்லையைக் கடக்க இயலாது. இந்த வேறுபாட்டை அறியாததனாலேயே நான் வழுக்கி விழுந்தேன்.

காண வேண்டிய மகசூலை எப்படி அறிவது? நாம் எல்லோரும் அறிந்த சுண்ணாம்பையே எடுத்துக்கொள்வோம். மத்தியப் பிரதேசத்துக் கட்னி வட்டாரம் சுண்ணாம்புக்குப் பெயர் பெற்றது. சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் இட்டு, சுமார் 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால், கல்லிலிருந்து கரியமில வாயு வெளியேறும். எஞ்சி நிற்பது சுட்ட சுண்ணாம்பு. 100 கிலோ தூய கல்லைச் சுட்டால் எவ்வளவு சுண்ணாம்பு கிடைக்க வேண்டும்? 100 கிலோ என்று சொல்பவர் தவறு செய்கிறார். கல்லில் உள்ள கால்சியத்தின் அணு எடை 40. கரியின் அணு எடை 12. பிராணவாயுவின் அணு எடை 16, அவ்வணு மூன்று இருப்பதால் 48. ஆகக் கல்லின் மூலக்கூற்று எடை 100. கரியமில வாயுவாகப் போவது 12-உம் 32-உம் சேர்ந்து 44. எஞ்சுவது 56. ஆகவே 100 கிலோ கல்லுக்குக் காண வேண்டிய மகசூல் 56 கிலோ.

இதில் ஒரு படிப்பினை உண்டு. காளவாய்க்காரர் 50.4 கிலோ சுண்ணாம்பு எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். இட்ட கல்லின் எடையோடு ஒப்பிடுபவர், 'நூற்றுக்கு ஐம்பதுதான் தேறிற்று. பாதி பாழாயிற்று' என்று வருந்துவார். ஆனால் 44 கிலோ வாயுவாகப் போவது அந்தக் கல்லின் இயல்பு; அதனை யாராலும் தடுக்க முடியாது. 50.4-ஐ 56-ஆல் வகுத்துப் பாருங்கள்: மகசூல் 90 சதவீதம். உண்மையில் தவறியது பத்தில் ஒரு பங்கே. இட்டதற்கும் எடுத்ததற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் நட்டமாகாது. காண வேண்டியதற்கும் கண்டதற்கும் உள்ள வேறுபாடே நட்டம்.

அளவோடு பார்க்கும் இந்த வழக்கம் மிகப் பழையதன்று. ரசாயன மாற்றத்தில் பொருளின் மொத்த எடை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லவாய்சியே தமது 1789-ஆம் ஆண்டு நூலில் தெளிவாக எழுதினார். பொருள்கள் எந்த எடை விகிதத்தில் ஒன்றோடொன்று சேர்கின்றன என்று ஆராயும் துறைக்கு ஜெர்மானியரான ரிக்டர் 1792-இல் ஒரு பெயரிட்டார். 'மூலப்பொருள்', 'அளவு' என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து அமைத்த பெயர் அது. அணு எடைகள் பின்னர் வந்து இக்கணக்கை எளிதாக்கின.

இனி ஆஸ்பிரினுக்கு வருவோம். தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் நம் வீடுகளில் புழங்கிய மருந்து இது. இதய நோயாளர் பலர் மருத்துவர் சொற்படி நாள்தோறும் சிறிய அளவில் இதனை உட்கொள்கின்றனர். 1897-இல் ஜெர்மனியின் பேயர் தொழிற்கூடத்தில் பெலிக்ஸ் ஹாப்மன் இதனைத் தூய நிலையில் தயாரித்தார். சாலிசிலிக் அமிலம், அசெட்டிக் அன்ஹைட்ரைடு ஆகிய இரண்டும் இதற்கு வேண்டும். முன்னது வெள்ளைத் தூள். பின்னது காடி நெடியுடைய திரவம். இரண்டையும் குடுவையில் சேர்த்து, சில சொட்டுக் கந்தக அமிலம் இட்டு, வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் சூடாக்குவர். பின்னர்க் குளிர்ந்த நீர் சேர்த்து ஆறவிட்டால் ஆஸ்பிரின் வெண்படிகங்களாகப் பிரியும். அவற்றை வடிகட்டி, கழுவி, உலர்த்தி, எடை போடுவர்.

எண்களைப் பார்ப்போம். சாலிசிலிக் அமிலத்தின் மூலக்கூற்று எடை 138. அன்ஹைட்ரைடின் எடை 102. இரண்டும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சேர்கின்றன. கிடைப்பவை 180 எடையுள்ள ஆஸ்பிரினும், 60 எடையுள்ள அசெட்டிக் அமிலமும் ஆகும். 138-உம் 102-உம் 240. 180-உம் 60-உம் 240. லவாய்சியேயின் தராசு சமமாக நிற்கிறது. ஆகவே 13.8 கிராம் சாலிசிலிக் அமிலம் எடுத்து, அன்ஹைட்ரைடைத் தாராளமாகச் சேர்த்தால், காண வேண்டிய ஆஸ்பிரின் 18 கிராம். உலர்ந்த படிகம் 14.4 கிராம் இருந்தால், 14.4-ஐ 18-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க, 80 சதவீதம்.

'தாராளமாகச் சேர்த்தால்' என்று சொன்னேனே, அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. திருமண வீட்டில் தாம்பூலப் பை போடுகிறோம். பை ஒன்றுக்கு ஒரு தேங்காய், இரண்டு வெற்றிலை. தேங்காய் 100 இருக்கிறது; வெற்றிலை 150-தான் இருக்கிறது. எத்தனை பை போடலாம்? தேங்காயைப் பார்த்து 100 என்று சொல்ல முடியாது. வெற்றிலை 75 பைக்குத்தான் வரும்; 25 தேங்காய் மிஞ்சும். இங்கே எல்லை வகுப்பது வெற்றிலை. ரசாயனத்திலும் எந்தப் பொருள் முதலில் தீர்ந்துபோகுமோ அதுவே எல்லை வகுக்கும் பொருள். காண வேண்டிய மகசூலை அதனைக் கொண்டே கணக்கிட வேண்டும்.

இதனை மறந்தால் என்ன ஆகும்? ஒரு மாணவன் 13.8 கிராம் சாலிசிலிக் அமிலத்தோடு 8.16 கிராம் அன்ஹைட்ரைடு மட்டும் சேர்க்கிறான். 102-க்கு 180 என்றால் 8.16-க்கு 14.4 கிராம். அவனுக்குக் காண வேண்டியது 14.4 கிராமே, 18 கிராம் அன்று. அவன் 11.52 கிராம் ஆஸ்பிரின் எடுத்தால் மகசூல் 80 சதவீதம். சாலிசிலிக் அமிலத்தை வைத்துக் கணக்கிட்டால் அதே 11.52 கிராம் 64 சதவீதமாகத் தோன்றும். கையில் உள்ள பொருள் ஒன்றே. கீழே நிற்கும் எண் மாறியதால் மதிப்பு மாறிவிட்டது. ஆதலின் ஒருவர் சதவீதம் ஒன்றைக் கூறும்போது, எதற்குச் சதவீதம் என்று கேட்டுத் தெளிந்துகொள்வது நலம்.

சரி, எல்லாம் முறைப்படி செய்தும் 18 கிராமுக்கு 14.4 கிராம்தானே வந்தது, மீதி 3.6 கிராம் எங்கே போயிற்று? பேராசிரியர் மூன்று வழிகளைச் சுட்டினார். முதலாவது, மாற்றம் முற்றுப்பெறாமை. வேண்டிய நேரமும் வெப்பமும் தராவிடில் சாலிசிலிக் அமிலத்தில் ஒரு பகுதி அப்படியே நின்றுவிடும். இரண்டாவது, வேறு வழியிற் செல்லும் மாற்றங்கள். குடுவையில் ஈரம் இருந்தால் அன்ஹைட்ரைடு தண்ணீரோடு சேர்ந்து அசெட்டிக் அமிலமாகிவிடும். உருவான ஆஸ்பிரினும் நீரோடு நெடுநேரம் சூட்டில் கிடந்தால் சிதைந்து பழையபடி சாலிசிலிக் அமிலமாகும்.

மூன்றாவது, கையாளும்போது நேரும் இழப்பு. குடுவையின் சுவரில் ஒட்டியது கொஞ்சம்; வடிதாளில் தங்கியது கொஞ்சம்; கழுவும் நீரோடு கரைந்து போனது கொஞ்சம். இந்தக் கடைசி இழப்பைக் கணக்கிட்டே பார்க்கலாம். அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 3 கிராம் ஆஸ்பிரின் கரையும். தூய்மை வேண்டும் என்ற ஆர்வத்தில் 300 மில்லிலிட்டர் நீரால் படிகங்களைக் கழுவினால் ஏறத்தாழ 0.9 கிராம் வரை கரைந்து போகக்கூடும். 18 கிராமில் அது 5 சதவீதம். பனிக்கட்டி இட்டுக் குளிரவைத்த நீரைச் சிறிதளவே கொண்டு கழுவ வேண்டும் என்று கையேடுகள் கூறுவதன் காரணம் இதுவே. அந்த வரியை நான் பலமுறை மொழிபெயர்த்திருக்கிறேன். அதன் பொருளை அன்றுதான் அறிந்தேன்.

ஆகவே 80 என்பது இகழத்தக்க எண் அன்று. நன்கு செய்த மாணவனின் எண் அது. அவ்வாறாயின் 106 என்னும் எண் எங்கிருந்து வந்தது?

நான்காம் மாணவனும் 13.8 கிராம் சாலிசிலிக் அமிலமே எடுத்தான். அன்ஹைட்ரைடையும் போதிய அளவு சேர்த்தான். வடிகட்டிக் கழுவினான். பிறகு உலரவிடவில்லை. வகுப்பு முடியும் மணி அடித்துவிடுமே என்று ஈரப் படிகங்களையே தராசில் வைத்தான். தராசு 19.08 கிராம் காட்டியது. 19.08-ஐ 18-ஆல் வகுத்தால் 106 சதவீதம். அந்தப் படிகங்களை மறுநாள் நன்கு உலர்த்தி எடை போட்டபோது 14.4 கிராம் இருந்தது. ஆக, 4.68 கிராம் வெறும் தண்ணீர். அவன் தராசில் வைத்ததில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஆஸ்பிரினே அன்று!

அணுக்களின் எடை வகுத்த எல்லையை ஒருவராலும் கடக்க முடியாது என்று முன்னர்ச் சொன்னேன். கடந்ததாகக் கணக்கு காட்டினால், எடை போட்ட பொருளில் வேறு ஏதோ கலந்திருக்கிறது, அல்லது கணக்கிலோ தராசிலோ தவறு இருக்கிறது என்பது உறுதி. சுண்ணாம்புக் காளவாயிலும் இதே கதைதான். 100 கிலோ கல்லில் 90 கிலோ மட்டும் வெந்து, 10 கிலோ வேகாமல் நின்றால், சுண்ணாம்பு 50.4 கிலோ, கல் 10 கிலோ. பிரிக்காமல் எல்லாவற்றையும் எடை போட்டால் 60.4 கிலோ. 56-க்கு அது 108 சதவீதத்தைத் தொடுகிறது. சரியாக வேகாத காளவாய், நன்கு வெந்த காளவாயைவிட மேலானதுபோல் கணக்கில் தோன்றுகிறது.

மகசூல் சதவீதத்துக்குமுன் பொருளின் தூய்மையை உறுதி செய்துகொள்ள வேண்டுவதன் காரணம் இப்போது புலப்படும். ஈரத்தைக் கண்டறிய எளிய வழி உண்டு. உலர்த்தி எடை போட வேண்டும். மறுபடியும் உலர்த்தி எடை போட வேண்டும். இரண்டு எடையும் ஒன்றாகும்வரை இதனைத் தொடர வேண்டும். மாறாமல் எஞ்சிய சாலிசிலிக் அமிலம் கலந்திருக்கிறதா என்றறிய, சிறிதளவு படிகத்தைக் கரைத்து இரும்புக் குளோரைடுக் கரைசலில் ஒரு சொட்டு விடுவர். ஊதா நிறம் தோன்றினால் கலப்பு இருக்கிறது என்று பொருள். உருகும் வெப்பநிலையும் சாட்சி சொல்லும். தூய ஆஸ்பிரின் சுமார் 135 பாகை செல்சியஸில் உருகும். கலப்புள்ளது அதற்கு முன்னதாகவே இளகத் தொடங்கும்.

நான் 106-ஐ 96 ஆக்கினேன் அல்லவா? அதனால் என்ன கெட்டுவிடும் என்று பேராசிரியரைக் கேட்டேன். அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். ஓர் ஆலை 1,000 கிலோ ஆஸ்பிரின் தயாரிக்க வேண்டியிருக்கிறது. முழு மகசூல் கிட்டுமாயின் 767 கிலோ சாலிசிலிக் அமிலம் போதும். மகசூல் உண்மையில் 80 சதவீதம் என்றால் 958 கிலோ வாங்க வேண்டும். 96 சதவீதம் என்று பதிவேட்டில் இருந்தால், கணக்கர் 799 கிலோதான் வாங்குவார். அதிலிருந்து கிடைப்பது சுமார் 833 கிலோ ஆஸ்பிரினே. குறைவது 167 கிலோ. இதய நோயாளர்க்கு நம் நாட்டில் பெரிதும் தரப்படும் 75 மில்லிகிராம் மாத்திரைக் கணக்கில், 22 லட்சம் மாத்திரைகள். 'உங்கள் 96 பார்ப்பதற்கு அழகாக இருந்தது. 106-ஐக் கண்டால் எவரும் ஐயுறுவர். 96-ஐக் கண்டால் எவரும் ஐயுறார்' என்றார் அவர். எனக்கு விடை சொல்ல நா எழவில்லை.

ஒரு படியில் முடியும் மாற்றத்திலேயே இவ்வளவு என்றால், பல படிகளில் முடியும் மாற்றங்களை என்னென்பது? மருந்துகள் பலவும் ஒன்றன்பின் ஒன்றாகப் பல படிகள் ஏறியே உருவாகின்றன. மூன்று படிகளின் மகசூல் முறையே 90, 80, 50 சதவீதம் என்று கொள்வோம். மொத்த மகசூல் யாது? கலைப்பிரிவு மாணவனாகிய நான் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து 73 என்றேன். அது தவறு. முதற்படியில் 100-க்கு 90 தேறும். அந்த 90-இல் 80 சதவீதம் 72. அந்த 72-இல் பாதி 36. விடை 36 சதவீதம். படிதோறும் 90 சதவீதம் தேறினாலும் பத்துப் படிகள் கடந்தால் 35 சதவீதமே எஞ்சும். படிதோறும் 80 என்றால் பத்தாம் படியில் 11-க்கும் குறைவு.

இக்கணக்கின் வலிமையைக் காட்டும் உண்மை வரலாறு ஒன்றைச் சொல்கிறேன். ஊமத்தை இனத்துச் செடிகளில் அட்ரோபின் என்னும் பொருள் இருக்கிறது. கண் மருத்துவர் பாவையை விரியச் செய்வதற்கு அதனைப் பயன்படுத்தினர். பயிர்ப் பூச்சிமருந்துகள் சிலவற்றால் நச்சேறியவர்க்கு அஃது இன்றும் உயிர் காக்கும் முறிமருந்து. அதன் உடற்கூடாக அமைந்த ட்ரோபினோன் என்ற பொருளை 1901-இல் ஜெர்மானிய அறிஞர் வில்ஸ்டாட்டர் செயற்கையாக உருவாக்கினார். பெரிய சாதனைதான். ஆயின் படிகள் பல. மொத்த மகசூல் 0.75 சதவீதம். ஒரு கிராம் கிடைக்க வேண்டுமானால் 133 கிராமுக்குப் போதிய மூலப்பொருளோடு தொடங்க வேண்டும்.

1917-இல் இங்கிலாந்தின் ராபர்ட் ராபின்சன் அதே பொருளை வேறு வழியில் அணுகினார். எளிய மூன்று பொருள்களை ஒரே கலத்தில் நீரில் சேர்த்து, ஒரே மூச்சில் அதனை உண்டாக்கினார். மகசூல் 17 சதவீதம். பின்னர்ச் செய்த சீர்திருத்தங்களால் அது 90-ஐயும் கடந்தது. ஒரு கிராமுக்கு 133 கிராம் கணக்கு என்பது 6 கிராமாகி, பின் ஒரு கிராமுக்குச் சற்று மேலாகச் சுருங்கிற்று. இருவருமே நோபல் பரிசு பெற்றவர்கள்: வில்ஸ்டாட்டர் 1915-இலும் ராபின்சன் 1947-இலும் அப்பரிசைப் பெற்றனர். முன்னவர் தம் சிறிய எண்ணை உள்ளபடி பதிவு செய்திருந்ததனாலேயே, பின்னவரின் வழி எவ்வளவு மேலானது என்று நம்மால் இன்று அளந்து கூற முடிகிறது.

குறைந்த சதவீதம் எப்போதும் தோல்வி என்றும் எண்ணிவிடலாகாது. நம் வயல்களுக்கு வேண்டிய யூரியாவுக்கு அம்மோனியா அடிப்படை. காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா ஆக்க முடியும் என்பதை ஜெர்மனியில் பிரிட்ஸ் ஹேபர் 1909-இல் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதனைப் பெருந்தொழிலாக்க, 1913-இல் ஒப்பாவ் ஆலை இயங்கத் தொடங்கிற்று. 28 பங்கு நைட்ரஜனும் 6 பங்கு ஹைட்ரஜனும் சேர்ந்தால் 34 பங்கு அம்மோனியா காண வேண்டும். ஆயின் இது முன்னும் பின்னுமாக இருதிசையிலும் நடக்கும் மாற்றம். உண்டான அம்மோனியாவில் ஒரு பகுதி மீண்டும் பிரிந்துவிடும். வாயுக் கலவை உலைக்குள் ஒரு முறை புகுந்து வரும்போது 15 சதவீத அளவே அம்மோனியாவாகும். அந்த அம்மோனியாவைக் குளிர்வித்துத் திரவமாகப் பிரித்துவிட்டு, மாறாத வாயுக்களை மீண்டும் மீண்டும் உலைக்கே திருப்பிவிடுவர். முடிவில் ஏறத்தாழ 97 சதவீதம் தேறிவிடும். 15 என்பதும் உண்மை; 97 என்பதும் உண்மை. ஒன்று ஒரு சுற்றின் கணக்கு. மற்றது முழு ஆலையின் கணக்கு. எதனைச் சொல்கிறோம் என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் இரண்டுமே பொய்போல் ஒலிக்கும்.

மகசூல் சதவீதம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதுமில்லை. ஆஸ்பிரின் தயாரிப்பில் 240 பங்கு இட்டால், மகசூல் முழு நூறாகவே இருந்தாலும் 180 பங்குதான் மருந்து. 60 பங்கு அசெட்டிக் அமிலமாக ஒதுங்கிவிடும். இட்ட அணுக்களில் எத்தனை பங்கு வேண்டிய பொருளிற் சென்று சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க ரசாயன அறிஞர் பாரி டிராஸ்ட் 1991-இல் எடுத்துரைத்தார். அந்த அளவுகோலின்படி ஆஸ்பிரினுக்கு உச்ச வரம்பே 75 சதவீதம். மகசூல் 80 என்றால் இரண்டையும் பெருக்க 60. மீதி 40 பங்கைக் கழிவாக ஆற்றில் விடுவதா, மீட்டு வேறு பயனுக்கு ஆக்குவதா என்ற கேள்வி அதன்பின் எழுகிறது. கழிவைக் குறைப்பதில் கருத்துடையோர் இன்று இவ்விரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்கின்றனர்.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்துரைக்கிறேன். முதலில் எந்தப் பொருள் எல்லை வகுக்கிறது என்று காண்க. அதிலிருந்து காண வேண்டிய மகசூலைக் கணக்கிடுக. பொருளை உலர்த்தி, தூய்மையைச் சோதித்து, பின்னர் எடை போடுக. கண்டதைக் காண வேண்டியதால் வகுத்து 100-ஆல் பெருக்குக. நூறுக்குக் குறைந்தால் எங்கே போயிற்று என்று தேடுக. நூறைத் தாண்டினால் என்ன கலந்தது என்று தேடுக. படிகள் பலவானால் பெருக்குக, சராசரி காணற்க.

இக்கணக்கு பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணாகவும் தொழிற்சாலையில் பணமாகவும் மாறுகிறது. ஆதலால் எண்ணைச் சற்று அழகுபடுத்திவிடலாமே என்ற ஆசை இரண்டு இடத்திலும் உண்டு. 62 சதவீதம் பெற்ற மாணவி, பக்கத்து மேசையில் 95 என்று எழுதியிருப்பதைக் கண்டு மனம் தளர்கிறாள். அவள் படிகத்தை உலர்த்தி, சோதித்து, உள்ளது உள்ளபடி எழுதியிருந்தால் அந்த 62-ஐ வைத்துக்கொண்டு அடுத்த வாரம் 70-க்கு முயல முடியும். எங்கே தவறிற்று என்று தேடுவதற்கு அவளுக்கு ஓர் இடம் இருக்கிறது. 95 என்று இட்டுக்கட்டி எழுதியவருக்கு அந்த இடம் இல்லை. ஆசிரியப் பெருமக்கள் எண்ணின் பெருமையைப் பார்த்து மதிப்பெண் வழங்காமல், எண்ணுக்கு மாணவர் கூறும் காரணத்தைப் பார்த்து வழங்குவார்களாயின் இட்டுக்கட்டும் தேவையே எழாது.

கையேடு பின்னர் அச்சாகி வெளிவந்தது. அந்தப் பக்கத்தில் 106 தன் இடத்திலேயே இருக்கிறது. அதன் கீழே, 'இம்மாணவன் செய்த தவறு யாது?' என்ற கேள்வியும் இருக்கிறது. மூலத்திலும் அக்கேள்வி இருந்தது. எண்ணைத் திருத்துவதில் முனைந்திருந்த நான், அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும்வரை அதனைக் கவனிக்கவில்லை. இப்போதெல்லாம் மூலத்தில் வியப்பான எண் ஒன்றைக் கண்டால், திருத்துவதற்குமுன் எழுதியவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுவது என் வழக்கமாயிற்று.